சேர்ந்து நாடகம் வாசிக்க மூன்று வழி: நேரலையா, வாட்ஸ்அப் குரல் சங்கிலியா, ஒத்திகை பார்த்த ஒலி நாடகமா?

போன மாதம் கல்லூரித் தோழி ஒருத்தி போன் செய்தாள். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார், வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருக்கேன், ஆனா பாலு, மாத்திரை, டயப்பர் தவிர வேற எதையாவது பேசி எத்தனை நாளாச்சுன்னே தெரியல" என்றாள். நாங்கள் சிலர் இணையத்தில் கூடி நாடகம் வாசிக்கிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளும் பழைய சிநேகிதிகள் நாலு பேரும் அதேபோல் ஆரம்பிக்க வேண்டும், எப்படிச் செய்வது, எந்த ஆப், எந்த நாடகம், ரெக்கார்ட் பண்ணணுமா வேண்டாமா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். அன்றைக்குக் குழந்தை எழுந்துவிட்டதால் பாதியில் நின்றுபோன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன், அவளைப் போல வீட்டை விட்டு நகர முடியாத வேறு யாருக்காவதும் உதவும்.

எங்கள் குழு 2020 ஊரடங்கில் தொடங்கியது. திருச்சியில் நான்கு பேர், கோயம்புத்தூரில் இருவர், பெங்களூரில் ஒருவர், மஸ்கட்டில் ஒரு செவிலியர், டொராண்டோவில் ஒருவர் என்று ஒன்பது பேர். ஊரடங்கு போய்விட்டது, வாசிப்பு போகவில்லை. இத்தனை வருடத்தில் மூன்று விதமாகவும் செய்து பார்த்துவிட்டோம். ஒன்று, குறித்த நேரத்தில் எல்லோரும் அழைப்பில் கூடி, ஒத்திகை எதுவும் இல்லாமல் நேரடியாக வாசிப்பது. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வசனமாகக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டே போவது. மூன்றாவது, ஒத்திகை பார்த்து, பதிவு செய்து, வெட்டி ஒட்டி ஒரு ஒலி நாடகமாக ஆக்குவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு நேரலை வாசிப்புதான் சரி. ஆனால் என் தோழி மாதிரி இருப்பவர்கள் அதை முதல் நாளே எடுக்கக் கூடாது. ஏன் என்று கீழே வருகிறது.

அதற்கு முன், நாடகத்தை வெறும் குரலில் கேட்பது என்ன நாடகம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை வானொலி நிலையம் 1938-இல் வந்தது, திருச்சி 1939-இல். அன்றிலிருந்து நம் வீடுகளில் காது வழியாகவே நாடகம் பார்த்த தலைமுறைகள் இருக்கின்றன, இலங்கை வானொலியின் நாடகங்களுக்காகக் கடற்கரையோர ஊர்களில் ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்கள் யாருக்கும் திரை தேவைப்படவில்லை. இங்கே நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுதான், கேட்கிற நாமே பேசவும் செய்கிறோம். மனப்பாடம் வேண்டாம், நடிக்கத் தெரிய வேண்டாம், கையில் தாள் இருந்தால் போதும்.

சரி, வாட்ஸ்அப் சங்கிலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், நாங்களும் அங்கிருந்துதான் ஆரம்பித்தோம். ஒரு குழு, ஒரு காட்சி, ஒரு வாரம். முதல் வசனத்துக்குரியவர் தன் பகுதியைப் பேசி அனுப்புவார், அதைக் கேட்டுவிட்டு அடுத்தவர் பதில் வசனத்தை அனுப்புவார். காட்சி முடிந்ததும் மேலே போய் முதல் பதிவைத் தொட்டால் அடுத்தடுத்த குரல்கள் தானாகவே வரிசையாக ஓடும், காட்சி முழுவதையும் ஒரே மூச்சில் கேட்கலாம். இதில் நேரம் என்ற பிரச்சினையே இல்லை. மஸ்கட் தோழிக்கு மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. அவள் டியூட்டி முடிந்து விடுதிக்கு வந்து, அறையில் மற்றவர்கள் தூங்குவதால், மாடிப்படியில் உட்கார்ந்து மனோன்மணீயம் நாடகத்தில் குடிலன் பேசுவதைப் பதிவு செய்வாள். சூழ்ச்சிக்கார அமைச்சர் குடிலன், அதை அந்த நேரத்துக் கரகரப்போடு ஒரு பெண்குரல் பேசும், பின்னால் லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்கும். இன்றைக்கும் குடிலன் என்றால் எனக்கு அந்தக் குரல்தான். டேட்டாவும் மிகக் குறைவு, கிராமத்து நெட்டிலும் போய்விடும். குழந்தையைத் தூளியில் ஆட்டிக்கொண்டே கேட்கலாம், அது தூங்கிய பின் பேசி அனுப்பலாம்.

இதன் குறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. அழித்து மறுபடி பேசலாம் என்ற வசதி இருப்பதால் எல்லோரும் அழித்து அழித்துப் பேச ஆரம்பித்தோம். ஒரு வரிக்குப் பதினொரு தடவை பதிவு செய்ததாகக் கோவைத் தோழர் ஒருவர் சொன்னார், அந்தப் பதினொன்றாவது பதிவில் உயிரே இல்லை, முதல் தடவை பேசியதை அழித்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார். அடுத்தது, ஒருவர் கோபத்தின் உச்சியில் கத்தி அனுப்பியதற்குப் பதில் சொல்கிறவர் மறுநாள் மதியம், வேறு மனநிலையில் பேசுகிறார். சேர்த்துக் கேட்கும்போது இரண்டு பேரும் இரண்டு நாடகத்தில் இருப்பது போலிருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, நாம் பேசுவதற்கு யாரும் சிரிப்பதில்லை. சிரித்த முகம் பொம்மை ஒன்று வந்து விழும், அவ்வளவுதான். வேலை மும்முரத்தில் சிலர் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு துயரமான காட்சியை அந்த வேகத்தில் கேட்டேன் என்று ஒருவர் சொன்ன அன்றைக்குத்தான் நேரலைக்கு மாறுவோம் என்று முடிவெடுத்தோம்.

ஆனாலும் இந்த வழியைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஷிஃப்ட் வேலை, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீடு, வெவ்வேறு நாட்டு நேரம், மோசமான நெட், இதில் ஏதாவது இரண்டு உங்கள் குழுவில் இருந்தால் இதுதான் தாங்கும். ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தடவைதான் பேசலாம், தடுமாறினாலும் அப்படியே அனுப்ப வேண்டும்.

ஒலி நாடகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரை மணி நேர நாடகம் ஒன்றுக்கு எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் போர்வையை மூடிக்கொண்டு போனில் பதிவு செய்து அனுப்ப, ஒருவர் ஆடாசிட்டியில், அது இலவச மென்பொருள்தான், எல்லாவற்றையும் கோர்த்தார். கேட்க நன்றாகவே வந்தது. வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்ட ஒரு பொருள் கையில் இருந்தது. ஆனால் ஆறு வாரத்தில் எங்கள் நடுவே ஒரு இயக்குநர் முளைத்துவிட்டார், 'இந்த வரியைத் திரும்பப் பேசுங்க, இன்னும் கொஞ்சம் அழுத்தமா' என்று மூன்று முறை கேட்கப்பட்டவர் நான்காம் முறை பதிலே போடவில்லை. அந்த ஆறு வாரமும் நாங்கள் ஒருவரோடொருவர் பேசியது வால்யூம் பற்றித்தான். மேடையில் ஏற வேண்டும், வெளியே பத்துப் பேர் கேட்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இது ஏற்ற வழி, அதில் தப்பே இல்லை. வீட்டுக்குள் அடைபட்ட மனசுக்கு ஒரு ஜன்னல் தேடுகிறவர்கள் இதை முதலில் எடுத்தால் இரண்டாவது மாதம் குழு இருக்காது.

இப்போது நேரலை. சனிக்கிழமை இரவு 8 மணி எங்கள் நேரம். மஸ்கட்டில் அப்போது மாலை ஆறரை, டொராண்டோவில் கோடையில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. வாராவாரம் வைத்துப் பார்த்தோம், மூன்று மாதத்தில் எல்லோரும் களைத்துவிட்டோம். மாதம் ஒரு முறை என்றால் கதை மறந்துபோகிறது.

இந்த வழியைத்தான் நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்பதற்கு என் பெரியம்மாதான் காரணம். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், 74 வயது, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கட்டிலோடு இருந்தார். பொழுது போகாது என்று அவரையும் அழைப்பில் சேர்த்துவிட்டேன், சும்மா கேட்கத்தான். மூன்றாவது கூட்டத்தில் ஒருவர் வரவில்லை, செவிலித்தாய் பாத்திரத்துக்கு ஆள் இல்லை, 'பெரியம்மா, நாலு வரிதான், நீங்க படிச்சிடுங்களேன்' என்றேன். மனோன்மணீயம் ஆசிரியப்பா என்ற செய்யுள் வடிவில் போகிற நாடகம், சந்தி சேர்ந்த சொற்களை எங்கே பிரித்துப் படிப்பது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு அடியிலும் தடுக்கி விழுந்துகொண்டிருந்தோம். பெரியம்மா படித்தார் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்த பழக்கம், ஒரு இடத்தில்கூட நிற்காமல், பொருள் தெரிகிற மாதிரி மூச்சு விட்டுப் படித்தார். முடித்ததும் ஒரு இரண்டு மூன்று நொடி யாரிடமும் பேச்சில்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் பெங்களூர்க்காரர் மைக்கில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது, 'பெரியம்மா, இன்னொரு தடவை படிங்க' என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் தயாராகிவிட்டார். நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த தாள்களில் சிவப்புப் பென்சிலால் சொல் பிரியும் இடத்திலெல்லாம் சின்னச் சின்னக் கோடு போட்டு, மூச்சு விடும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக் குழுவில் அனுப்பினார். அதுவரை 'அந்தப் பெரியம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முழங்கால் சரியாகி நடக்க ஆரம்பித்த பிறகும் சனிக்கிழமை எட்டு மணிக்கு அவர் எங்கேயும் போவதில்லை. வாட்ஸ்அப் சங்கிலியில் இது நடந்திருக்காது, ஏனென்றால் அங்கே ஒருவர் வராவிட்டால் காத்திருப்போம், அவ்வளவுதான். நேரலையில் ஒரு இடம் காலியானால் அந்த நிமிடமே யாராவது அதில் உட்கார்ந்தாக வேண்டும்.

இனி எந்த ஆப் என்ற கேள்வி. இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், கூகுள் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம் தரும். வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், இப்படி நேரக் கட்டுப்பாடு இல்லை. வாசிப்புக்கு ஒரு மணி நேரத்தை விட 40 நிமிடம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது, நாடகத்தை அதற்கேற்ப இடைவேளை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம், அறுந்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அதே லிங்க்கில் வருகிறோம். எங்கள் அனுபவத்தில் அச்சில் 60 பக்கம் வருகிற நாடகம் இரண்டு மணி நேரம் போகும், ஆகவே இரண்டு கூட்டமாகப் பிரிப்பது நல்லது. ஜூமில் நாடகத்துக்கென்றே அமைந்த மாதிரி இரண்டு வசதிகள் உண்டு. பெயரை மாற்றிக்கொள்ளலாம், அதாவது திரையில் உங்கள் பெயருக்குப் பதில் பாத்திரத்தின் பெயரைப் போட்டுவிடலாம், யார் யாரென்று குழப்பம் வராது. இரண்டாவது, கேமராவை அணைத்தவர்களைத் திரையிலிருந்து மறைத்துவிடலாம், அப்படிச் செய்தால் காட்சியில் இருப்பவர்கள் மட்டும் தெரிவார்கள், உள்ளே வருகிறவர் கேமராவைப் போட்டதும் மேடைக்கு வந்தது போலவே இருக்கும்.

ஆனால் ஒலி விஷயத்தில் ஜூம், மீட் இரண்டுமே ஒரு காரியம் செய்யும், அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இவை அலுவலகக் கூட்டங்களுக்கென்று செய்தவை. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் ஒருவர் குரலை அமுக்கும். பின்னணி இரைச்சலைக் குறைக்கிறேன் என்று விசும்பல், முணுமுணுப்பு, கிசுகிசுப்பு எல்லாவற்றையும் இரைச்சலாக எடுத்துக்கொண்டு அழித்துவிடும். எங்கள் தோழர் ஒருவர் ஒரு காட்சியில் உண்மையாகவே விம்மிவிட்டார், எங்களுக்கு வெறும் நிசப்தம் கேட்டது. ஜூம் ஒலி அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று இருப்பதைப் போட்டுவிட்டால் இது ஓரளவு சரியாகும். குரல் போய்ச் சேர ஆகும் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது தொலைத்தொடர்புத் துறையில் பொதுவாக எடுத்துக்கொள்கிற அளவு, நாடு விட்டு நாடு, வைஃபையில் என்றால் அதைத் தாண்டிவிடும். ஆகவே எல்லோரும் சேர்ந்து பாடுவது, கோரஸாகப் பேசுவது நடக்காது, ஒருவர் மட்டும் பாடட்டும். ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டுகிற இடங்களுக்கு நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: வெட்டப்படுகிறவர் தானாகவே நிறுத்திவிட வேண்டும், வெட்டுகிறவர் அவருடைய கடைசிச் சொல்லுக்கு முந்திய சொல்லிலேயே வாயைத் திறந்துவிட வேண்டும். பத்து நிமிடம் பழகினால் வந்துவிடும்.

கேமரா வேண்டுமா? முதல் வருடம் கட்டாயம் என்று வைத்திருந்தோம். இப்போது வேண்டாம் என்கிறேன். முகம் தெரிந்தால் எல்லோரும் தங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், தாளைப் பார்ப்பதில்லை. தவிர, வீடு கலைந்து கிடக்கிறது என்பதற்காகவே பெண்கள் சிலர் வராமல் இருந்தார்கள், கேமராவை எடுத்ததும் வந்தார்கள். முடிந்த பிறகு பேசிக்கொண்டிருக்கிற அரை மணி நேரத்துக்கு விருப்பமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

தாள் பற்றி ஒன்று. அழைப்பும் அதே போனில், பிடிஎஃப்பும் அதே போனில் என்றால் யாராலும் வாசிக்க முடியாது, வரிசை தவறும், பதற்றமாகும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது போன் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். எங்கள் குழுவில் இருந்து விலகிய மூன்று பேரும் 'ஃபாலோ பண்ண முடியல' என்றுதான் விலகினார்கள், மூன்று பேரும் ஒரே போனில் வாசித்தவர்கள்.

அடுத்தது, எந்த நாடகம். இதில்தான் முதல் தவறு நடக்கும், எங்களுக்கும் நடந்தது. பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் மேடையை விட வாசிப்புக்கே ஏற்ற நாடகம் என்று பேர் பெற்றது, நம் தமிழ்த்தாய் வாழ்த்து அதில்தான் இருக்கிறது, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே அதையே முதலில் எடுத்தோம். ஐந்து அங்கம், செய்யுள். வாட்ஸ்அப்பில் சமாளித்தோம், நேரலையில் பெரியம்மா இல்லாவிட்டால் இரண்டாவது அங்கத்தில் நின்றிருப்போம். பதம் பிரித்த பதிப்பும், செய்யுள் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் தாராளமாக எடுங்கள், அதன் ருசியே தனி. முதல் நாடகமாக எடுக்காதீர்கள்.

முதலில் எடுக்க உரைநடை நகைச்சுவைதான் நல்லது, பம்மல் சம்பந்த முதலியாரின் சபாபதியைச் சொல்வேன். பழைய உரைநடைதான், ஆனால் பேச்சு சட்டென்று மாறி மாறி வரும், ஒருவருக்கு நாலு வரிக்கு மேல் தொடர்ந்து பேச வேண்டியது குறைவு, யாரும் காத்துக் கிடக்க மாட்டார்கள். எஜமானருக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் என்பதால், குரலிலேயே இருவரையும் பிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் வரும், அதுவே நல்ல பயிற்சி. அடுத்து அண்ணாவின் ஓர் இரவு. ஒரே இரவுக்குள் நடப்பதால் கேட்பவருக்கு நேரக் குழப்பம் இல்லை. ஆனால் அடுக்குமொழி வசனத்துக்கு மூச்சு வேண்டும், அதைப் படிக்கிறவருக்கு முன்கூட்டியே தாளைக் கொடுத்துவிடுங்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'மழை', ஆட்கள் குறைவாக உள்ள குழுவுக்குப் பொருந்தும், மேடையில் ஆட்கள் ஓடுவதும் சண்டையிடுவதும் இல்லாமல் மனிதர்கள் ஒருவரையொருவர் பேச்சாலேயே குத்திக்கொள்வது. எங்கள் மொத்த வாசிப்பிலும் முடிந்த பிறகு அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான். ந. முத்துசாமியின் நாடகங்களை வாசித்தும் பார்த்தோம், அவற்றில் உடல் அசைவு பாதியைத் தாங்குகிறது, குரலை மட்டும் வைத்துச் செய்தபோது பாதி கையில் தங்கவில்லை.

இலங்கை நாடகங்கள் பல 'நூலகம்' என்ற இணையதளத்தில் கிடைக்கும். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் எந்தையும் தாயும், பிள்ளைகள் வெளிநாடு போய்விட ஊரில் தனித்துப்போன முதியவர்களைப் பற்றியது. டொராண்டோ நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர்தான் அதை எடுத்துக் கொடுத்தார். திருச்சிக்காரர்கள் நாங்கள் யாழ்ப்பாணத் தமிழைப் போலச் செய்ய முயன்றோம், ஒரு பக்கத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். "உங்கட தமிழிலயே வாசியுங்கோ, அதுவே காணும்" என்றார். அவர் மட்டும் தன் தமிழில் வாசித்தார். வேறு ஊர்த் தமிழில் எழுதப்பட்ட எதை வாசித்தாலும் இதையே செய்யுங்கள், போலி வழக்கு கேட்கிறவரைப் புண்படுத்தும்.

உரிமை விஷயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் நூல் பொதுவுக்கு வந்துவிடும். பம்மல் சம்பந்த முதலியாரும் பாரதிதாசனும் 1964-இல் மறைந்தவர்கள், ஆகவே 2025 ஜனவரி முதல் இருவருடைய நாடகங்களும் எல்லோருக்கும் உரியவை. பாரதிதாசன், அண்ணா நூல்களைத் தமிழக அரசு முன்பே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. மற்றவர்களுடையதைப் பொறுத்தவரை, பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் தொழில்முறை அல்லாத குழு கட்டணம் இல்லாமல் நிகழ்த்துவதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை நம்பி யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள், பதிவு செய்து ஊருக்குப் பரப்புவது வேறு விஷயம், அதற்கு ஆசிரியரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி வாங்கியே ஆக வேண்டும். புத்தகத்தை ஆளுக்கொரு பிரதி விலை கொடுத்து வாங்குங்கள் என்பது என் கோரிக்கை. தமிழில் நாடகப் பிரதி அச்சில் வருவதே அபூர்வம்.

நேரலையைப் பதிவு செய்யவா என்றும் தோழி கேட்டாள். வேண்டாம். ஒரு முறை செய்தோம், அன்று எல்லோரும் மேடைக் குரலில் பேசினார்கள்.

எத்தனை பேர்? ஐந்திலிருந்து ஏழு. பத்தைத் தாண்டினால் பாதிப் பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மூன்று வரி பேசிவிட்டுப் போவார்கள், அடுத்த முறை வர மாட்டார்கள். பாத்திரங்கள் அதிகமென்றால் ஒருவருக்கு இரண்டு கொடுங்கள், முக்கியப் பாத்திரத்தை அங்கத்துக்கு அங்கம் கை மாற்றுங்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறோம். ஆண் பாத்திரத்தைப் பெண்ணும், கிழவர் பாத்திரத்தை இருபது வயதுக்காரரும் வாசிக்க வந்துவிடும், அதில்தான் ஆச்சரியங்கள் நடக்கின்றன. தயங்குகிறவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. வெறுமனே கேட்க வருகிறேன் என்பவர்களையும் வரவேற்க வேண்டும், என் பெரியம்மா அப்படித்தான் வந்தார். மேடைக் குறிப்புகளை வாசிக்க ஒருவரைத் தனியாக வைப்பது அவசியம், 'கதவு திறக்கிறது', 'அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள்' என்று அவர் சொல்லாவிட்டால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. நிதானமான, தெளிவான குரல் உள்ளவருக்கு இதைக் கொடுங்கள், நாடகத்தின் கண்ணே அவர்தான்.

ஆக, என் தோழிக்கு நான் சொன்னது இது. குழந்தை எப்போது தூங்கும் என்று உனக்கே தெரியாது, ஆகவே முதல் மாதம் வாட்ஸ்அப் சங்கிலி, ஐந்து பேர், ஒரு சின்னக் காட்சி, ஒரு தடவைதான் பேசலாம் என்ற விதியோடு. குரல்கள் பழகட்டும். இரண்டாவது மாதம் இரவு ஒன்பதரைக்கு, கேமரா இல்லாமல், 40 நிமிடம் மட்டும் நேரலை. பாதியில் குழந்தை அழுதால் எழுந்து போ, உன் வரியை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடு. ஒலி நாடகத்தைப் பற்றி ஒரு வருடம் கழித்து யோசி. உன் குழுவில் எல்லோரும் உள்ளூர், எல்லோருக்கும் சாயங்காலம் ஓய்வு என்றிருந்தால் இந்த முதல் மாதமே தேவையில்லை, நேராக நேரலைக்குப் போயிருப்பேன்.

நேற்று செய்தி அனுப்பியிருந்தாள். சங்கிலியில் சபாபதியின் முதல் காட்சி முடிந்துவிட்டதாம். வியாழக்கிழமை முதல் நேரலை. மேடைக் குறிப்பு வாசிக்க ஆள் போதவில்லை என்று மாமியாரிடம் கேட்டிருக்கிறாள், படுத்துக்கொண்டே படிக்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுக்க நாளைக்குக் கடைக்குப் போகிறாளாம், எழுத்து எத்தனை பாயின்ட் வைக்க என்று என்னைக் கேட்டிருக்கிறாள். பெரியம்மாவுக்கு 18 வைத்தேன், அதையே வை என்று பதில் போட்டிருக்கிறேன்.